அமெரிக்காவுல டெத் சர்டிபிகேட் வாங்குறது, பழைய ஆபிச்சுவரி (பேப்பர்ல வர்ற இரங்கல் அறிவிப்பு) தேடுறது: கவுன்ட்டி ஆபீஸுக்கு அலைஞ்சவன் எழுதுற முழு வழிகாட்டி

என் மாமனார் இங்க கலிபோர்னியாவுல எங்ககூட இருந்தப்போ தவறினாரு. காரியத்துக்கு நாலு நாள் இருக்கு, இன்னும் கொஞ்சம் டெத் சர்டிபிகேட் காப்பி வாங்கிட்டு வந்துடுறேன்னு ஃபைலை தூக்கிட்டு கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல போய் நின்னேன். கவுன்ட்டர்ல இருந்தம்மா தன்மையாதான் கேட்டாங்க, அவர் உங்களுக்கு என்ன வேணும்னு. மாமனார்னேன். ஃபார்மை என் பக்கம் திருப்பி பேனா முனையால ஒரு லிஸ்ட்டை காட்டினாங்க. அப்பா அம்மா இருக்கு, பிள்ளைங்க இருக்கு, பேரன் பேத்தி இருக்கு, கூடப்பிறந்தவங்க இருக்கு, புருஷன் பொண்டாட்டி இருக்கு, தாத்தா பாட்டி கூட இருக்கு. மருமகன் மட்டும் இல்ல. நம்ம ஊர்ல சாவு வீட்ல முன்ன நின்னு எல்லாத்தையும் பாக்குறதே மாப்பிள்ளைதான், ஆனா அந்த ஃபார்முக்கு நான் யாரோ. அப்புறம் வீட்ல துக்கம் கேக்க வந்தவங்களுக்கு நடுவுல உக்காந்திருந்த மனைவிக்கு போன் போட்டு, யாரையாவது கூட்டிட்டு வாம்மான்னு சொல்லி, அவ வந்து கையெழுத்து போட்டப்புறம்தான் காப்பி கைக்கு வந்துச்சு.

அதுகூட பரவால்ல, ரெண்டு மணி நேரத்தோட போச்சு. பெரிய தப்பு அதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு, ஃப்யூனரல் ஹோம்ல (இறுதிச் சடங்கு ஏற்பாடு பண்ற இடம்) அரை மணி நேரத்துல சர்டிபிகேட்டுக்கு விவரம் கேக்குற ஒரு ஒர்க்‌ஷீட் நிரப்பினப்போ. அதை சரி பண்ண மாசக்கணக்கா ஆச்சு. அதனால இந்த வழிகாட்டில அந்த ஒர்க்‌ஷீட்டுக்குதான் நிறைய இடம் குடுத்திருக்கேன், ஆபீஸ் வேலையெல்லாம் அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல.

இது கலிபோர்னியா கணக்கு. மத்த ஸ்டேட்ல எங்க மாறும்னு நடுவுல சொல்றேன்.

1. சர்டிபிகேட்டை யார் எழுதுறாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

நம்ம ஊர்ல மாதிரி வீட்டுக்காரங்க முனிசிபாலிட்டிக்கு போய் பதிவு பண்ற வேலை இங்க இல்ல. ரெண்டு பேர் சேர்ந்து எழுதுறாங்க. பேர், வயசு, அப்பா அம்மா பேர், படிப்பு, வேலை இந்த மாதிரி விவரமெல்லாம் ஃப்யூனரல் ஹோம் உங்ககிட்ட கேட்டு நிரப்பும். சாவுக்கு என்ன காரணம்ங்கிற பகுதியை டாக்டரோ கரோனரோ (சாவுக்கு காரணம் என்னன்னு விசாரிக்கிற அதிகாரி) நிரப்புவாங்க. ரெண்டும் ஆன்லைன் சிஸ்டம்ல ஒண்ணா சேர்ந்து கவுன்ட்டியோட லோக்கல் ரெஜிஸ்ட்ரார்கிட்ட போகும், அவங்க ஏத்துக்கிட்டாதான் தகனத்துக்கோ அடக்கத்துக்கோ பெர்மிட் வரும். கலிபோர்னியா சட்டப்படி இறந்து 8 நாளுக்குள்ள, அதுவும் உடலை எரிக்கிறதுக்கோ புதைக்கிறதுக்கோ முன்னாடியே, பதிவு ஆகணும். டாக்டர் 15 மணி நேரத்துக்குள்ள அவர் பகுதியை முடிச்சு குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, நிஜத்துல டாக்டர் லீவுல இருப்பாரு, இல்ல வெறும் கார்டியாக் அரெஸ்ட்னு எழுதி அனுப்புவாரு, ரெஜிஸ்ட்ரார் இது காரணமே இல்ல, இதயம் ஏன் நின்னுச்சுன்னு எழுதுங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. நாளைக்கே தகனம் வெச்சுக்கலாம்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டுடாதீங்க, ஃப்யூனரல் ஹோம்காரர் பெர்மிட் வந்துடுச்சுன்னு சொன்னப்புறம் போடுங்க.

விசிட்டர் விசாவுல அப்பா அம்மாவை கூட்டிட்டு வந்திருக்கவங்க இதை கொஞ்சம் கவனமா படிங்க. இறந்தவரை கடைசி 20 நாளுக்குள்ள எந்த டாக்டரும் பாக்கல, ஹாஸ்பிஸ் (கடைசி கால பராமரிப்பு) நர்ஸும் பாக்கலன்னா அது கரோனர் கேஸ். நம்ம பெரியவங்களுக்கு இங்க ஃபேமிலி டாக்டரே இருக்க மாட்டாரு, மாத்திரையெல்லாம் ஊர்லருந்து ஆறு மாசத்துக்கு கட்டி எடுத்துட்டு வந்திருப்பாங்க, ராத்திரி தூக்கத்துல போயிட்டாங்கன்னா 911 கூப்பிடுவோம், அதுக்கப்புறம் கரோனர் வருவாங்க. நிறைய கவுன்ட்டில ஷெரிஃப் ஆபீஸேதான் கரோனர், அலமீடா கவுன்ட்டில அப்படித்தான், அதனால போலீஸ் யூனிஃபார்ம்ல ஆள் வந்து கேள்வி கேட்டா பதறாதீங்க, யாரையும் சந்தேகப்பட்டு வரல. ஊர் டாக்டரோட ப்ரிஸ்கிரிப்ஷன், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி எது இருந்தாலும் எடுத்து வெச்சு காட்டுங்க. காரணம் உடனே தெரியலன்னா அந்த கட்டத்துல பென்டிங்னு போட்டு சர்டிபிகேட் வரும். தகனத்துக்கு அது போதும். இன்ஷூரன்ஸ்காரங்க பெரும்பாலும் காரணம் முடிவாகி திருத்தின சர்டிபிகேட் வர்ற வரைக்கும் பணத்தை நிறுத்தி வெப்பாங்க.

2. அந்த ஒர்க்‌ஷீட்

ஃப்யூனரல் ஹோம்ல ஏசி ரூம்ல உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, டிஷ்யூ பாக்ஸை நகர்த்தி வெச்சு, ஒரு ஃபார்மை நீட்டுவாங்க. உங்களுக்கு அப்போ மனசு அங்க இருக்காது. அதனாலதான் சொல்றேன், போறப்பவே பாஸ்போர்ட், விசா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடியுரிமை இருக்க இந்திய வம்சாவளிக்கு குடுக்குறது) இருந்தா அது, ஆதார், பான் கார்டு எல்லாத்தையும் எடுத்துட்டு, அழாம நிதானமா இருக்க ஒரு ஆளையும் கூட கூட்டிட்டு போங்க.

பேர்தான் முதல் கண்டம். நம்மாளுங்களுக்கு குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, எஸ். கணேசன்னா சுப்பிரமணியம் மகன் கணேசன், அவ்வளவுதான். அமெரிக்க ஃபார்ம் ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம்னு மூணு கட்டம் குடுக்கும். பழைய பாஸ்போர்ட் சிலதுல சர்நேம் காலியா இருக்கும், அப்படிப்பட்டவங்களுக்கு அமெரிக்க விசாவுல ஃபர்ஸ்ட் நேம் இடத்துல எஃப்.என்.யூ.ன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) போட்டு, முழுப் பேரையும் சர்நேம் பக்கம் தள்ளியிருப்பாங்க. ஊர்ல பேங்க் பாஸ்புக்ல ஒரு மாதிரி, பத்திரத்துல ஒரு மாதிரி, பென்ஷன் புக்ல ஒரு மாதிரி இருக்கும். இப்போ சர்டிபிகேட்ல எதை போடுறது?

பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்துக்கு எழுத்து போடுங்க. அதுக்கப்புறம் மத்த வடிவத்தையெல்லாம் விட்டுடாதீங்க, கலிபோர்னியா சர்டிபிகேட்ல பேருக்கு கீழயே ஏ.கே.ஏ.ன்னு ஒரு கட்டம் இருக்கு, வேற எந்தெந்த பேர்ல அறியப்பட்டார்னு எழுதுற இடம். பத்திரத்துல இருக்க இனிஷியல் போட்ட பேரை அங்க போட சொல்லுங்க. இந்த கட்டத்தை பத்தி எங்ககிட்ட யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. மாமனார் நிலம் எல்லாம் இனிஷியலோட இருந்துச்சு, சர்டிபிகேட்ல அவர் அப்பா பேர் லாஸ்ட் நேமா நீளமா விரிஞ்சு நின்னுச்சு, ஊர்ல விஏஓ பாத்துட்டு இது வேற ஆளுங்கன்னுட்டாரு. ஒரே ஒரு கட்டத்துல ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்.

பிறந்த தேதி அடுத்தது. ஸ்கூல்ல சேர்க்குறதுக்காக வாத்தியார் போட்ட தேதி ஒண்ணு, ஜாதகத்துல இருக்குறது ஒண்ணு. மாமியார்கிட்ட ஃப்யூனரல் ஹோம்காரர் கேட்டா அவங்க நிஜ தேதியைதான் சொல்லுவாங்க, ஆடி மாசம் பௌர்ணமி கழிச்சு மூணாம் நாள்னு. பாஸ்போர்ட் தேதியை போடுங்க, அவ்வளவுதான்.

இறந்தவரோட அம்மாவுக்கு பிறந்த வீட்டு லாஸ்ட் நேம் என்னன்னு ஒரு கேள்வி வரும். எங்க பாட்டிக்கு ஏது லாஸ்ட் நேம்? பேர் மீனாட்சி, அவ்வளவுதான். அங்க அந்தம்மாவோட அப்பா பேரை போடுறதுதான் நடைமுறைக்கு ஒத்து வருது, ஆனா வேற ஆவணத்துல ஏற்கனவே ஒண்ணு போட்டிருந்தா அதையே போடுங்க. ஆளுக்கொண்ணு சொல்லி புதுசா ஒரு பேரை கண்டுபிடிச்சிடாதீங்க.

வேலைங்கிற கட்டத்துல ரிட்டயர்டுன்னு போடக்கூடாது, வாழ்நாள்ல அதிகமா பாத்த வேலை என்னவோ அதை போடணும். விவசாயம்னா விவசாயம். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசாங்கம் ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற நம்பர்) இல்லாதவங்களுக்கு இல்லன்னே போட சொல்லுங்க, காலியா விட வேணாம். இந்த கவுன்ட்டில எத்தனை வருஷமா இருந்தார்னு கூட ஒரு கட்டம் இருக்கு. இன்ஃபார்மன்ட்ங்கிற இடத்துல விவரம் குடுத்தவர் பேரும் உறவும் அட்ரஸும் அச்சாகும், அங்க மகனோ மகளோ மனைவியோ இருக்குறது நல்லது, நான் இருந்தேன், ஊர்ல அதுக்கும் ஒரு கேள்வி வந்துச்சு.

எல்லாம் முடிஞ்சதும், சிஸ்டம்ல ஏத்துறதுக்கு முன்னாடி ட்ராஃப்ட் ஒண்ணு ப்ரின்ட் எடுத்து குடுங்கன்னு கேளுங்க. குடுப்பாங்க. பாஸ்போர்ட்டை பக்கத்துல வெச்சு, விரல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா பாருங்க. ழ-வுக்கு என்ன எழுத்து போட்டிருக்காங்க, எச் விட்டுப்போச்சா, ரெண்டு எம் ஒண்ணாயிடுச்சா. ரெண்டு பேர் தனித்தனியா பாருங்க.

3. எத்தனை காப்பி

பதிவு ஆனதும் முதல் காப்பிகளை ஃப்யூனரல் ஹோமே கவுன்ட்டிலருந்து வாங்கி குடுப்பாங்க, எத்தனை வேணும்னு அப்பவே கேப்பாங்க. ஒரு காப்பி சுமாரா 25 டாலர் வரும், அதனால ரெண்டு போதும்னு சொல்ல தோணும். இங்கேயே வேலை பாத்து, வீடு வாங்கி, செட்டில் ஆனவர்னா பத்து பன்னெண்டு காப்பி வேணும். ஒவ்வொரு லைஃப் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கும் ஒண்ணு, 401 கே (வேலை பாத்த இடத்து ரிட்டயர்மென்ட் சேமிப்பு) கம்பெனிக்கு ஒண்ணு, பேங்க் ஒவ்வொண்ணுக்கும், வீட்டு டைட்டில் மாத்த ரெக்கார்டர் ஆபீஸ்ல ஒண்ணு, இதுல பாதி திரும்பி வராது. விசிட்டரா வந்த பெரியவர்னா இங்க வேலை கம்மி, ஆனா ஊருக்கு நாலஞ்சு வேணும்: வாரிசு சான்றிதழ், பட்டா, பேங்க், எல்ஐசி, பென்ஷன்.

முதல்ல எந்தெந்த ஆபீஸ் ஒரிஜினலை கேக்குது, எது ஸ்கேன் காப்பியே போதும்ங்குதுன்னு போன் போட்டு கேட்டுட்டீங்கன்னா ரெண்டு மூணு காப்பி காசு மிச்சம். சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க பென்ஷன்) ஆபீஸுக்கு ஃப்யூனரல் ஹோமே தகவல் சொல்லிடும், நீங்க கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. தகுதி இருக்க மனைவிக்கோ கணவருக்கோ ஒரு தடவை 255 டாலர் குடுப்பாங்க, 2 வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணணும். அந்தத் தொகை பல வருஷமா மாறவே இல்ல, ஒரு மாலை கூட சரியா வாங்க முடியாது, இருந்தாலும் விடுவானேன்.

4. எந்த கவுன்ட்டி, எந்த கதவு

பின்னாடி எக்ஸ்ட்ரா காப்பி வேணும்னா நீங்களேதான் போகணும். இறந்தவர் எங்க குடியிருந்தார்ங்கிறது கணக்கு இல்ல, உயிர் எங்க போச்சோ அந்த கவுன்ட்டிதான் கணக்கு. ஃப்ரீமான்ட்ல குடியிருந்தவர் ஸ்டான்ஃபோர்ட் ஆஸ்பத்திரில தவறினா, வீடு அலமீடா கவுன்ட்டில இருந்தாலும் சர்டிபிகேட் சான்டா கிளாரா கவுன்ட்டி. பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு போறப்போ கவுன்ட்டி மாறினது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கவுன்ட்டிக்குள்ளயும் ரெண்டு கதவு இருக்கு. கலிபோர்னியாவுல பல கவுன்ட்டில இந்த வருஷமும் போன வருஷமும் இறந்தவங்க ரெக்கார்டு பப்ளிக் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல இருக்கும், அதுக்கு முந்தினது கிளார்க் ரெக்கார்டர் ஆபீஸுக்கு போயிடும். ரெண்டும் வேற வேற பில்டிங், சில இடத்துல வேற வேற ஊர். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டினா பழைய ரெக்கார்டுக்கு நார்வாக்ல இருக்க ரெஜிஸ்ட்ரார் ரெக்கார்டர் ஆபீஸ். பெர்க்லி, லாங் பீச், பசடீனா இந்த மூணு சிட்டிக்கும் சொந்தமா ஹெல்த் டிபார்ட்மென்ட் இருக்கு, புது ரெக்கார்டுக்கு கவுன்ட்டிக்கு போகாம அங்க போகணும். இது தவிர சாக்ரமென்டோல ஸ்டேட் ஆபீஸ்லயும் வாங்கலாம், ஜூலை 1905-லருந்து அங்க இருக்கு, ஆனா பொறுமை வேணும், கவுன்ட்டிதான் சீக்கிரம். 1905 ஜூலைக்கு முந்தின சாவுன்னா கவுன்ட்டி ரெக்கார்டர் தவிர வேற வழி இல்ல.

மத்த ஸ்டேட்ல கவுன்ட்டின்னு போனீங்கன்னா ஏமாறுவீங்க. மாசசூசெட்ஸ் மாதிரி நியூ இங்கிலாந்து பக்கமெல்லாம் டவுன் கிளார்க், நியூ ஜெர்சில அந்த முனிசிபாலிட்டியோட லோக்கல் ரெஜிஸ்ட்ரார், நியூயார்க் சிட்டிக்கு அதோட சொந்த ஹெல்த் டிபார்ட்மென்ட். இல்லினாய்ஸ்ல கவுன்ட்டி கிளார்க்தான், சிகாகோன்னா குக் கவுன்ட்டி. ஃப்ளோரிடாவுல இன்னொரு கூத்து, சாவுக்கான காரணம் போடாத காப்பியை யார் வேணும்னாலும் வாங்கலாம், காரணம் போட்டது 50 வருஷம் வரைக்கும் நெருங்கின குடும்பத்துக்கு மாதிரி குறிப்பிட்ட ஆளுங்களுக்கு மட்டும். எந்த ஸ்டேட்ல எங்க எழுதணும்னு சிடிசிங்கிற அமெரிக்க அரசாங்க சுகாதார அமைப்போட சைட்ல ஒரு பக்கம் முழுசா இருக்கு, அதுல ஸ்டேட் பேரை தட்டி பாருங்க. கூகுள்ல தேடினா மேல வர்றது பாதி விளம்பரம், அரசாங்க சைட் மாதிரியே கழுகு படம் போட்டு ரெண்டு மடங்கு காசு வாங்குவாங்க. வைட்டல்செக்னு ஒரு கம்பெனி இருக்கு, அது தனியார்தான், ஆனா நிறைய கவுன்ட்டி தங்களோட சைட்லயே அதுக்கு லிங்க் குடுத்திருக்காங்க, கமிஷனும் கூரியர் காசும் தனி. கவுன்ட்டி சைட்ல இருந்து உள்ள போங்க, கூகுள்ல இருந்து போகாதீங்க.

5. அப்ளிகேஷன்: ரெண்டு வகை காப்பி, ஒரு சத்தியம்

கலிபோர்னியாவுல அத்தரைஸ்டு காப்பி, இன்ஃபர்மேஷனல் காப்பின்னு ரெண்டு உண்டு. காசு ரெண்டுக்கும் ஒண்ணுதான். இன்ஃபர்மேஷனல் காப்பியை ரோட்ல போறவங்க கூட வாங்கலாம், ஆனா அடையாளத்தை நிரூபிக்க இது செல்லாதுன்னு குறுக்க பெருசா அச்சடிச்சிருக்கும். பேங்க்குக்கோ இன்ஷூரன்ஸுக்கோ ஊருக்கோ வேணும்னா அத்தரைஸ்டுதான். அதை வாங்க தகுதி இருக்கவங்க லிஸ்ட்தான் நான் மேல சொன்னது, அது தவிர வக்கீல், எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேத்துறவர்), கோர்ட் ஆர்டர் வெச்சிருக்கவங்க, ஃப்யூனரல் ஹோம். மாப்பிள்ளை, மருமகள், மச்சான், அண்ணன் பையன் இவங்க பேரெல்லாம் லிஸ்ட்ல இல்ல.

நேர்ல போனா ஐடி காட்டி, ஃபார்ம் நிரப்பி, நான் சொல்றது உண்மைன்னு சத்தியப் பத்திரத்துல அவங்க முன்னாடி கையெழுத்து போட்டா போதும். வீட்லயே முன்கூட்டி கையெழுத்து போட்டு எடுத்துட்டு போகாதீங்க, திரும்ப போட சொல்லுவாங்க. தபால்ல அனுப்புறதா இருந்தா அந்த சத்தியப் பத்திரத்தை நோட்டரி முன்னாடி போடணும், அதோட செக்கோ மணி ஆர்டரோ. நோட்டரி இல்லாம அனுப்பினா திரும்பி வந்துடும், இல்லன்னா இன்ஃபர்மேஷனல் காப்பியா வந்து நிக்கும்.

இறந்த தேதி சரியா தெரியாம ஒரு சுத்து சுத்தி தேட சொல்லி, ரெக்கார்டு கிடைக்கலன்னா காசு திரும்ப வராது, அப்படி ஒரு ரெக்கார்டு எங்ககிட்ட இல்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்க. சிரிக்காதீங்க, வாரிசு கேஸ்ல அதுக்கும் சில சமயம் தேவை இருக்கு.

காப்பி கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராம சீல் இருக்கா, ரெண்டாவது பக்கம் இருக்கணும்னா இருக்கான்னு பாத்துட்டு நகருங்க. லேமினேட் பண்ணாதீங்க. எங்க பெரியப்பா பாசத்துல பண்ணிட்டாரு, அதோட போச்சு அந்தக் காப்பி.

6. தப்பா வந்துடுச்சா

ஒரிஜினலை அழிச்சு எழுத மாட்டாங்க. வி.எஸ். 24-னு ஒரு அஃபிடவிட் ஃபார்ம், எது தப்பு, எது சரின்னு எழுதி, ரெண்டு பேர் கையெழுத்தோட குடுக்கணும், ஃப்யூனரல் ஹோமே செஞ்சு குடுப்பாங்க, கேளுங்க. அது ஸ்டேட்டுக்கு போய் ஏத்துக்கப்பட்டதும், அதுக்கப்புறம் வாங்குற காப்பில திருத்தம் ரெண்டாவது பக்கமா வரும். முதல் பக்கத்துல தப்பு தப்பாவே இருக்கும். ஊர்ல முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டு தப்பா இருக்கேன்னு கேப்பாங்க, ரெண்டையும் சேர்த்துதான் படிக்கணும்னு நீங்கதான் உக்காந்து விளக்கணும். சாவுக்கான காரணத்துல தப்புன்னா நீங்க திருத்த முடியாது, அதுக்கு டாக்டரோ கரோனரோதான் தனி ஃபார்ம் குடுக்கணும். திருத்தத்துக்கு முன்னாடி வாங்கின காப்பியெல்லாம் அப்படியே பழசாத்தான் இருக்கும், புதுசா காசு குடுத்து வாங்கணும்.

7. ஊருக்கு கொண்டு போறதுக்கு: அப்போஸ்டில்

இந்தியாவும் அமெரிக்காவும் வெளிநாட்டு ஆவணத்தை ஏத்துக்குறதுக்கான ஹேக் ஒப்பந்தத்துல இருக்கறதால (இந்தியாவுக்கு 2005-லருந்து) டெத் சர்டிபிகேட் மேல அப்போஸ்டில்ங்கிற அரசாங்க சான்றை ஒட்டிட்டா அதுதான் அங்க செல்லுபடிக்கு ஆதாரம். அதை குடுக்குறது கவுன்ட்டி இல்ல, அந்த ஸ்டேட்டோட செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ். கலிபோர்னியாவுல தபால்னா சாக்ரமென்டோ, நேர்ல போறதா இருந்தா சாக்ரமென்டோ இல்ல லாஸ் ஏஞ்சலஸ். ஒண்ணுக்கு 20 டாலர், நேர்ல போனா கையெழுத்துக்கு 6 டாலர் கூட.

இங்க ஒரு பொறி இருக்கு. அப்போஸ்டில்ங்கிறது சர்டிபிகேட்ல இருக்க விவரம் உண்மைன்னு சொல்றது இல்ல, கையெழுத்து போட்ட அதிகாரி நிஜமான அதிகாரின்னு சொல்றது. புது சர்டிபிகேட்ல கையெழுத்து ஹெல்த் ஆபீசரோடதா இருக்கும், அதை செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் நேரா ஏத்துக்காம, கவுன்ட்டி கிளார்க்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்கன்னு சொல்லலாம். அதனால காப்பி வாங்குறப்பவே இது இந்தியாவுக்கு, அப்போஸ்டில் போடணும்னு கவுன்ட்டர்ல சொல்லிடுங்க, யார் கையெழுத்து வேணும்னு அவங்களுக்கு தெரியும். ஒட்டின பக்கத்தோட ஸ்டேபிளை ஸ்கேன் பண்றதுக்காக கழட்டாதீங்க, கழட்டினா அது செல்லாது.

இறந்தவர் இந்திய பாஸ்போர்ட் வெச்சிருந்தா இந்தியன் கான்சுலேட்ல சாவை பதிவு பண்ணி பாஸ்போர்ட்டை கேன்சல் பண்ணணும், கேன்சல் பண்ணின பாஸ்போர்ட்டை திருப்பி வாங்கி பத்திரமா வெச்சுக்கோங்க, ஊர்ல கேப்பாங்க. உடலையே அனுப்புறதா இருந்தா எம்பாமிங் சர்டிபிகேட், தொற்று நோய் இல்லங்கிற லெட்டர், கான்சுலேட் அனுமதி எல்லாம் வேணும், அனுபவம் இருக்க ஃப்யூனரல் ஹோம் பாத்துக்கும், நீங்க தனியா இறங்காதீங்க. அஸ்தின்னா டெத் சர்டிபிகேட்டும் தகன சர்டிபிகேட்டும் கைல. ஏர்போர்ட்ல கலசத்தை திறந்து பாக்க மாட்டாங்க, எக்ஸ்ரேல உள்ள தெரியணும், தெரியலன்னா அதை உள்ள விட மாட்டாங்க, அதனால பித்தளை கலசம் ஊர்ல போய் பாத்துக்கலாம், இங்கருந்து மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ எடுத்துட்டு போங்க.

8. ஆபிச்சுவரி

நிறைய பேர் கவுன்ட்டி ஆபீஸ்ல போய் ஆபிச்சுவரி குடுங்கன்னு கேக்குறாங்க. அங்க இருக்காது. ஆபிச்சுவரிங்கிறது நம்ம தினத்தந்தில வர்ற கண்ணீர் அஞ்சலி மாதிரி, குடும்பமோ ஃப்யூனரல் ஹோமோ பேப்பருக்கு காசு கட்டி போடுறது, கவுன்ட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சட்டப்படி ஆதாரமும் இல்ல. ஆனா சொந்தக்காரர் ஒருத்தர் எப்பவோ அமெரிக்கா போனார், அங்கேயே போயிட்டார், பிள்ளைங்க எங்கன்னு தெரியலன்னு தேடுறவங்களுக்கு அதுதான் தங்கம், ஏன்னா அதுலதான் யார் யார் இருக்காங்க, எந்த ஊர்ல இருக்காங்கன்னு எழுதியிருக்கும்.

இதுக்கு கவுன்ட்டில வாங்க வேண்டியது இன்ஃபர்மேஷனல் காப்பி. உறவை நிரூபிக்க வேணாம். அதுல இறந்த தேதி, ஃப்யூனரல் ஹோம் பேர், எங்க அடக்கம் இல்ல தகனம், இன்ஃபார்மன்ட் யாருன்னு இருக்கும். தேதி கிடைச்சுட்டா அந்த ஊர் பேப்பர்ல அடுத்த பத்து நாளை மட்டும் தேடினா போதும். சாவு எந்த வருஷம்னே தெரியலன்னா ஃபேமிலிசர்ச் சைட் இலவசம், கலிபோர்னியா டெத் இண்டெக்ஸ் 1940-லருந்து 1997 வரைக்கும் அங்க தேடலாம். சோஷியல் செக்யூரிட்டி டெத் இண்டெக்ஸும் இருக்கு, ஆனா கடைசி மூணு வருஷத்து சாவு வெளில விட மாட்டாங்க.

பேப்பர் தேட காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க லைப்ரரி கார்டை எடுங்க. நிறைய பப்ளிக் லைப்ரரி நியூஸ்பேங்க் மாதிரி டேட்டாபேஸை வீட்லருந்தே பாக்க விடுவாங்க. பழைய கலிபோர்னியா பேப்பருக்கு ரிவர்சைடு யூனிவர்சிட்டி நடத்துற கலிபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்‌ஷன், மொத்த அமெரிக்காவுக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸோட க்ரானிக்ளிங் அமெரிக்கா, ரெண்டும் ஓசி. நியூஸ்பேப்பர்ஸ் டாட் காம், ஜீனியாலஜிபேங்க் காசு. புதுசுன்னா லெகஸி டாட் காம், ஃப்யூனரல் ஹோமோட சொந்த சைட். கல்லறைன்னா ஃபைண்ட் எ கிரேவ், ஆனா நம்மாளுங்க பெரும்பாலும் தகனம், அதுல கிடைக்கிறது அபூர்வம்.

பேரை வெச்சு தேடினா கிடைக்காது, அதை எழுதி வெச்சுக்கோங்க. நம்ம பேரை அந்தக் காலத்து டைப்செட்டர் என்ன பாடு படுத்தியிருப்பாரோ, அதுக்கு மேல ஸ்கேன் பண்ண மெஷின் அதை இன்னும் கொத்து பரோட்டா போட்டிருக்கும். நான் நண்பர் ஒருத்தருக்காக அவர் சித்தப்பாவை தேடினப்போ கிருஷ்ணமூர்த்திங்கிற பேரை ஏழெட்டு விதமா அடிச்சு பாத்து ஒண்ணும் வரல, அப்புறம் பேரையே விட்டுட்டு, அவர் வேலை பாத்த துறையும் மெட்ராஸும் போட்டு, அந்த மாசத்தை மட்டும் வடிகட்டினேன், மூணாவது ரிசல்ட்ல இருந்தாரு, பேர் நடுவுல ஒரு கோடு விழுந்து ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. பழைய ஆபிச்சுவரில சென்னைன்னு தேடவே தேடாதீங்க, 1996 வரைக்கும் அது மெட்ராஸ். இலங்கைத் தமிழர்னா 1972-க்கு முன்னாடி சிலோன், அதுக்கப்புறமும் பல பேர் வீட்ல சிலோன்னுதான் போட்டாங்க. பெண்களை அவங்க பேர்ல போடாம புருஷன் பேருக்கு முன்னாடி மிஸஸ் சேர்த்தும் போட்டிருப்பாங்க.

ஆன்லைன்ல ஏறாத பேப்பர் நிறைய இருக்கு. அதெல்லாம் அந்த கவுன்ட்டியோட பெரிய லைப்ரரிலயோ, ஹிஸ்டாரிக்கல் சொசைட்டிலயோ மைக்ரோஃபில்ம்ல கிடக்கும். லைப்ரரியோட ரெஃபரன்ஸ் டெஸ்க்குக்கு ஒரு ஈமெயில் போடுங்க, பேர், அதோட ரெண்டு மூணு ஸ்பெல்லிங், இறந்த தேதி, ஊர், ஃப்யூனரல் ஹோம் பேர், இவ்வளவும் நாலு வரில. குடும்ப வரலாறு முழுக்க எழுதாதீங்க, அவங்களுக்கு வேண்டியது தேதி. சில இடத்துல இலவசமா ஸ்கேன் பண்ணி அனுப்புவாங்க, சில இடத்துல சின்னதா ஃபீஸ்.

நீங்களே ஆபிச்சுவரி போடுறதா இருந்தா முழு பிறந்த தேதி, அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர், வீட்டு அட்ரஸ் மூணையும் போடாதீங்க. பேங்க்ல அடையாளத்துக்கு கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் அதுலயே இருக்கு, திருடனுக்கு அதுவே போதும். வருஷம் மட்டும் போடுங்க. சர்வீஸ் நடக்குற நேரத்தையும் போட்டுட்டு அட்ரஸையும் போட்டா வீடு எப்போ காலியா இருக்கும்னு நீங்களே சொன்ன மாதிரி. நாங்க பக்கத்து வீட்டு மெக்ஸிகன் பாட்டியை அந்த ரெண்டு மணி நேரம் எங்க வீட்ல உக்கார சொல்லிட்டு போனோம், திரும்பி வந்தப்போ அடுப்புல எல்லாருக்கும் சூப் கொதிச்சுட்டு இருந்துச்சு.